முப்பது சதவீதத்தில் நின்ற ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கேஸும் கையுமாக உட்காருகிற வக்கீலுக்கு, மூன்றாவது வாரமாக கம்ப்யூட்டர் கையை விரித்தது. திரை முழுக்க நீலம். நடுவில், 'அப்டேட் நடக்கிறது. முப்பது சதவீதம். அணைக்காதீர்கள்.'

"என் சொத்து இது. என் சம்மதம் இல்லாம எவன் கை வைக்கிறான்?" வீடே அதிர்ந்தது.

"கத்தி என்ன ஆகப்போகுது? முடியற வரைக்கும் இங்க வந்து உக்காருங்க," என்றாள் மனைவி. மகள் அதற்குள் சீட்டுக்கட்டைக் கலைக்கத் தொடங்கியிருந்தாள்.

போன இரண்டு வாரமும் அப்படித்தான், திட்டிக்கொண்டே ஆடி மகளிடம் தோற்றிருந்தார். இன்று விடுவதாக இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டார்.

"வாராவாரம் முப்பதுலயே நிக்குதுய்யா. மெஷினுக்கு முதலாளி நானா, அவங்களா?"

"சார், போன வருஷம் நீங்க போட்ட சண்டையில அப்டேட்டையெல்லாம் நான் அப்பவே நிறுத்திட்டேனே. வீட்ல யாரோ அப்டேட் நடக்கற மாதிரி ஒரு படத்தைத் திரை முழுக்க வச்சிருக்காங்க. கீபோர்டுல மேல இடது மூலையில இருக்கற எஸ்கேப்பை அமுக்குங்க."

அமுக்கினார். நீலம் மறைந்தது. நேற்று பாதியில் விட்ட மனு அப்படியே நின்றது.

கூடத்தில் சீட்டு கலைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கடைக்காரர் என்னங்க சொல்றார்?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

வக்கீல், கண்ணெதிரே இருந்த ஒரே சாட்சியான அந்தத் திரையை அணைத்துவிட்டு எழுந்தார்.

"ஒண்ணும் பண்ண முடியாதாம். இன்னிக்குப் பூரா ஓடுமாம். சீட்டை எனக்கும் சேத்துப் போடு."