பாத்ரூமில் விழுந்தவர்

இந்த ஞாயிற்றுக்கிழமையும் பால்ராஜ் பாத்ரூமில் விழுந்துவிட்டார்.

நைட் டூட்டி முடிந்து ஆவடியிலிருந்து ரயிலேறி பட்டாபிராம் வீட்டுக்குள் நுழைந்த அருள்செல்வி, முழங்கால் தோலுரிந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் எலும்பு முறிவு வார்டு நர்ஸ். இந்த வயதில் இடுப்பெலும்பு போனால் என்ன கதியென்று தினமும் பார்க்கிறவள்.

“எப்டிப்பா விழுந்தே?”

“சோப்புத் தண்ணிம்மா. சர்ருனு இழுத்துடுச்சு.”

போன வாரமும் இதையேதான் சொன்னார். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு வழவழப்பான தரையைக் கொத்திவிட வைத்தாள். அதற்கு முன்பே சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கம்பியைச் சுற்றி சைக்கிள் டியூப், கீழே சாக்கு. இப்போது அந்தப் பாத்ரூமில் வேண்டுமென்றே விழப் பார்த்தாலும் முடியாது. அவளே முயன்று பார்த்திருந்தாள்.

மருந்துப் பெட்டியை எடுக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. பக்கத்து வீட்டுக் கன்னியப்பன். ஃபேக்டரியில் அப்பாவோடு ரிட்டயரானவர். நெற்றி புடைத்திருந்தது.

“உங்களுக்கு இன்னா ஆச்சு பெரிப்பா?”

“பாத்ரூம்தாம்மா. வழுக்கிகினு போச்சு.”

“உங்க ஊட்லதான் பாத்ரூமே இல்லியே!”

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். “உங்க பாத்ரூம்லதாம்மா.”

அருள்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. “நாளைக்கே அதை இடிச்சுத் தள்ளிடறேன். இனிமே வாசல்ல நாற்காலி போட்டு நானே குளிப்பாட்டி வுடறேன். நீ எங்கியும் நடக்கவே வாணாம்ப்பா!”

பால்ராஜின் முகம் செத்துப்போனது. கன்னியப்பன் தரையைப் பார்த்தார்.

காயத்தைத் துடைக்கும்போது கணுக்காலில் நகம் பதிந்ததுபோல் வரிவரியாகக் கீறல்கள். “இது இன்னாப்பா?”

“கம்பி கிழிச்சிடுச்சும்மா.”

டியூப் சுற்றிய கம்பி எப்படிக் கிழிக்கும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஊசி மருந்தை சிரிஞ்சில் ஏற்றினாள். ஊசி என்றால் பால்ராஜுக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம்.

“ஒண்ணும் ஆவாது. கண்ணை மூடிக்கோ. மூச்சை நல்லா இழுத்துப் பிடி, நான் சொல்றவரைக்கும் உடாதே.”

பால்ராஜ் கண்ணை மூடினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். அவரையும் அறியாமல் உதடுகள் அசைந்தன.

“சடுகுடு... சடுகுடு... சடுகுடு...”