வேலி தாண்டிய சேவல்

அமெரிக்காவின் டகோட்டாவில் தனியாக வாழும் லோர்னாவின் தோட்டத்துக்கு ஐந்தாவது நாளாக வந்து நின்றார், வேட்டைக்கான பறவைகளை வளர்க்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்விட்.

"என் ஃபெசன்ட் சேவல் இன்னைக்கும் இங்க வந்துடுச்சுங்க. கால்ல என் பண்ணை வளையம் இருக்கு, பாருங்க."

"வளையம் இருந்தா என்ன? லைசென்ஸ் வாங்கின வேலிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது உங்க சொத்து. டகோட்டாவில பொறந்துட்டு இந்தச் சட்டம் தெரியாதா?"

"தெரியும். அதான் உங்ககிட்ட கேட்டு வாங்கிட்டுப் போக வந்தேன்."

"தினமும் இதே பேச்சு, கூடவே ரெண்டு கப் காபி!"

லோர்னா சேவலைத் தூக்கிச் சிறகை விரித்துக் காட்டினாள். இறகுகள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன.

"பறக்கவே முடியாத சேவல் ஆறடி வேலியை எப்படி ஆர்விட் தாண்டிச்சு?"

ஐம்பது வயதுத் தனிக்கட்டையான ஆர்விட்டின் முகம் காது வரை சிவந்தது.

"பாவம், நாளைக்கு இதை வேலிக்கு மேல தூக்கிப் போடாதீங்க. ரெண்டு பேரும் வாசல் வழியாவே வாங்க."