சும்மா இருக்கிற குழந்தை

"கொழந்த சும்மா இருக்கா சிஸ்டர். கொஞ்சம் உள்ள விடுங்களேன்!"

ஆடுகோடி கிளினிக்கில் பாஞ்சாலி மறுபடியும் கெஞ்சினாள். தோளில் நாலு வயது மகள் சோனியா.

டோக்கன் கொடுக்கும் மௌரீன் தெர்மாமீட்டரை உதறினாள். "ஜுரம் இல்ல, வாந்தி இல்ல. சும்மா இருக்கிற கொழந்தைக்கு என்ன அவசரம்? உக்காருங்க."

பெஞ்சில் சிலர் சிரித்தார்கள்.

"இவ சும்மாவே இருக்க மாட்டா சிஸ்டர். தலையில நீர் கோத்து, ஆபரேஷன் பண்ணிக் குழாய் வச்சிருக்கு. காலையிலருந்து பொம்மையக்கூடத் தொடல. எனக்கு மனசே சரியில்ல."

"டோக்கன் வரட்டும்."

கடைசி ஆளாக உட்கார்ந்திருந்த ஆதிகேசவன் எழுந்தார். பஸ் கண்டக்டர். நாளெல்லாம் பயணிகளைக் கன்னடத்தில் "முந்தே ஹோகி", முன்னால போங்க என்று கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு, மப்ளரும் கழுத்துமாக வந்திருந்தவர். அந்தத் தொண்டையோடு கட்டடமே அதிரக் கத்தினார்.

"ஏம்மா, நாங்கல்லாம் வேல இல்லாமலா வந்திருக்கோம்? தலையில குழாய் வச்ச கொழந்த, காலையிலருந்து சும்மா இருக்காளாம்! அதுக்கு அவசரமாம்! கேட்டீங்களா இந்தக் கலாட்டாவ!"

பாஞ்சாலிக்கு அழுகை பொங்கியது. "நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?"

படாரென்று கதவு திறந்தது. டாக்டர் வீணா.

"யாருக்குக் குழாய்? அட, சோனியாவா? இவ சும்மாவா இருக்கா?"

குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"குழாய் அடைச்சிருக்கு போல. ஆஸ்பத்திரிக்கு என் கார்லயே கெளம்பு!"

அன்றைக்கே ஆபரேஷன். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டாள்.

சோனியா வீடு திரும்பியதும், மைசூர்பாக்கோடு கிளினிக்குக்குப் போனாள் பாஞ்சாலி. சோனியா பெஞ்சுக்குப் பெஞ்சு தாவினாள். டோக்கன் டப்பாவைக் கவிழ்த்தாள். மௌரீன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"தெர்மாமீட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கு பாஞ்சாலி. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்றார் டாக்டர். பாஞ்சாலி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்தால், பெஞ்சில் அதே மப்ளர்.

"என்னய்யா, இன்னிக்கும் கத்துறதுதானே?"

"அவரால முடியாது" என்றார் பின்னாலேயே வந்த டாக்டர். "சத்தமே போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அன்னிக்குக் கத்தினதுல இருந்த குரலும் போச்சு. வேலைக்கும் போக முடியல."

பாஞ்சாலி ஆதிகேசவன் பக்கம் திரும்பினாள். "பின்ன எதுக்கு அப்படிக் கத்துனீங்க?"

அவர் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"டாக்டரம்மா காதுல விழணுமே. என் டோக்கனக் குடுக்கலாம்னா அது கடைசி. எங்கிட்ட இருந்தது இந்தத் தொண்டதாம்மா."