இளைக்கிற மாத்திரை

“அண்ணி, இது என்ன?”

நாத்தனாரின் கையில் ஒரு சின்ன மாத்திரை டப்பா. அடுப்பில் பாலைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

“அதை எங்கேருந்து எடுத்தே?”

“பிரிட்ஜ் மேல. அண்ணனோட மருந்துக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அங்கேருந்துதான். பேரை போன்ல போட்டுப் பார்த்தேன். உடம்பு இளைக்கிற மாத்திரையாமே!”

நாத்தனாருக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். வேலை பார்ப்பது என்னவோ இன்சூரன்ஸ் கம்பெனியில்தான். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வழக்கைக் கிளப்பாமல் திரும்ப மாட்டாள். இன்றைக்கு அதுவாகவே கையில் வந்து விழுந்திருந்தது. விடுவாளா?

உள்ளறையில் அவளுடைய அண்ணன் படுத்திருந்தான். ஈரல் கெட்டுப்போய், கண்ணெல்லாம் மஞ்சளாகி, கை கால் சூம்பி, வயிறு மட்டும் ஊதியிருந்தது. மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பான். இல்லாவிட்டால் இந்த மாதத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“மெதுவாப் பேசும்மா. இப்பத்தான் கண் அசந்தார்.”

“முன்னாடி ஊசி வேற போட்டுக்கிட்டீங்களாம். எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க. வாந்தி வாந்தியா எடுத்தீங்களாமே?”

“ஆமா. ஒத்துக்கல. எழுந்து நிக்கவே முடியல, அப்புறம் அவரை யார் பார்த்துக்கிறது? அதான் டாக்டர் ஊசியை நிறுத்திட்டு இந்த மாத்திரைக்கு மாத்தினார். பசிக்கல. நெஞ்சுதான் கொஞ்சம் படபடங்குது.”

இப்படிக் கூசாமல் ஒத்துக்கொள்வாள் என்று வக்கீல் எதிர்பார்க்கவில்லை. வந்ததே கோபம்!

“ஊசி இல்லேன்னா மாத்திரை, மாத்திரை இல்லேன்னா இன்னொண்ணு! அண்ணன் உசிருக்குப் போராடிட்டிருக்கார், உங்களுக்கு இடுப்பு இளைக்கணுமா? யார் பார்க்கறதுக்கு? அவர் கண்ணை மூடினப்புறம் என்ன செய்யலாம்னு இப்பவே தயாராகறீங்களா?”

அண்ணியின் முகம் வெளுத்துப்போனது. பாலை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“டப்பாவைக் கொடு.”

“கொடுக்கறேன், நல்லாக் கொடுக்கறேன்.”

மூடியைத் திறந்தாள். டப்பாவைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

அண்ணி பாய்ந்து வந்து குழாயை மூடினாள். அதற்குள் பாதி போய்விட்டது. மீதி, சல்லடையில் ஒட்டிக்கொண்டு கரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்து ஒரு துணியில் வைத்தாள்.

“சீட்டு இல்லாம கடையில தர மாட்டாங்களே… டாக்டரும் ஊர்ல இல்ல…” என்று தனக்குத்தானே முனகிக்கொண்டாள்.

வக்கீலுக்கு அருவருப்பாக இருந்தது. “சீ! எச்சில் தொட்டியில பொறுக்கறீங்களே, வெட்கமா இல்ல? எனக்கு மட்டும் பொருந்தியிருந்தா என் ஈரலையே அறுத்துக் கொடுத்திருப்பேன். பொருந்தலைன்னு ஆனப்போ நான் எப்படி அழுதேன்னு அண்ணனைக் கேட்டுப் பாருங்க!”

உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது.

“பாப்பா… அண்ணியை ஒண்ணும் சொல்லாதேம்மா. உனக்குப் பொருந்தாமப் போனதுக்கு நீ என்ன பண்ணுவே? பொருந்தியிருந்தா நீ கொடுத்திருப்பேன்னு எனக்குத் தெரியாதா?”

“கேட்டீங்களா?” என்றாள் வக்கீல். கண்ணில் நீர் தளும்பியது. தீர்ப்பு அவள் பக்கம் வந்துவிட்டது.

அண்ணி போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மறுபடியும் மாத்திரைகளைத் துணியில் ஒற்றத் தொடங்கினாள்.

“என்னோடது பொருந்துது” என்றாள்.

“எது?”

“ஈரல். ஆனா அதுல கொழுப்பு படிஞ்சிருக்காம். உடம்பு இறங்கினாத்தான் அறுக்க முடியும்னுட்டாங்க. பட்டினி கிடந்து பார்த்தேன், இருக்கிற நாள் பத்தல. அதான் மருந்து. இறங்க வேண்டியதுல முக்கால்வாசி இறங்கிட்டேன். திங்கக்கிழமை திரும்ப எடை பார்க்கறாங்க.”

வக்கீல் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏன் அண்ணி… யார்கிட்டயும் சொல்லல?”

“காதுக்குப் போனா அவர் சம்மதிப்பாரா? ரெண்டு பேரும் படுத்துட்டா பிள்ளைங்க கதி என்னன்னு கேட்பார். எல்லாம் தயாரானப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்போ…”

துணியிலிருந்த மாத்திரைகள் மாவாகிக் குழைந்திருந்தன. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

வக்கீல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணி. நான் பாவி. எனக்கு மட்டும் பொருந்தியிருந்தா இந்தக் கஷ்டமே உங்களுக்கு…”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“உனக்குப் பொருந்தியிருந்துச்சும்மா. நீ பயந்துக்கிட்டு வரமாட்டேன்னதும் ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குத்தான் போன் பண்ணாங்க. நான் அவர்கிட்ட சொல்லல… சொன்னா, இருக்கிற உசிரும் போயிடும்.”