தட்டிக் கதவு

"ஆட்டுக்குட்டி முட்டினாலே இந்தக் கதவு தொறந்துக்கும். யானை வந்தா என்னங்க பண்றது?"

காவேரி இடுப்பில் குழந்தை ஹரிணியோடு நின்று கேட்டாள். மாதேஸ்வரன் காதில் வாங்காதவன்போல மூங்கில் தட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

சூளகிரிக்கு அப்பால், காட்டை ஒட்டிய நிலத்தின் கடைக்கோடியில், அந்த ராகிக் கொட்டகையை அவன் ஒற்றை ஆளாகக் கட்டி முடித்திருந்தான். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் அங்கேயேதான் கிடந்தான். குவாரியில் கழித்துப் போட்ட கல்கம்பங்கள்தான் கால்கள். கம்பெனியில் சரக்கு இறக்கியபின் சும்மா கிடந்த மரப் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தளம் போட்டான். எலி ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் தகரத்தைக் குடைபோல வளைத்து மாட்டினான். மூக்கண்டப்பள்ளி பழைய இரும்புக் கடையில் வாங்கிய கூரைத் தகடுகளின் ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தான். எந்தக் காற்றுக்கும் அது அசையாது. காவேரிக்கே அதில் கொஞ்சம் பெருமைதான். இத்தனையும் செய்த மனுஷனுக்குக் கதவு விஷயத்தில் மட்டும் புத்தி எங்கே மேயப் போனதென்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

"தகடு மிச்சம் இருக்குதில்ல? அதுல ஒரு கதவு போட்டா என்ன?"

"இது போதும் காவேரி."

"அதுவும் காட்டப் பாத்து வச்சிருக்கீங்க. வா வான்னு கூப்புடற மாதிரி!"

"அந்தப் பக்கந்தான் காத்து வரும். இல்லன்னா ராகி பூஞ்ச புடிச்சிரும்."

"பன்னெண்டு மூட்டைங்க. நமக்கு ஒரு வருஷத்துக் களி. யானைக்கு அது ஒரு வேளைக்குக் காணாது."

"வந்தா வரட்டும்," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "பாப்பாவ வெயில்ல வச்சிக்கிட்டு நிக்காத, வூட்டுக்குப் போ."

காவேரி பிறந்தது குருபரப்பள்ளியில். ஹைவே லாரிகளின் ஹாரன் கேட்டு வளர்ந்தவள். யானையைக் கோயில் வாசலில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இங்கே வாழ வந்தபின், அறுவடைக் காலமானால் தினமும் யானைப் பேச்சுதான். நேற்று யார் தோட்டம் போனது, இன்று எங்கே வெடி வைத்து விரட்டினார்கள் என்று கேட்கும்போதெல்லாம் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். இவன் என்னடாவென்றால் வந்தால் வரட்டும் என்கிறான்!

ஒரு மணிக்கு அவன் செகண்ட் ஷிப்டுக்கு பைக்கில் கிளம்பிப் போனான். காவேரிக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் கொட்டகைக்குப் போனாள். கயிற்று முடிச்சை ஒரு விரலால் சுண்டி இழுத்துப் பார்த்தாள். பொசுக்கென்று அவிழ்ந்து கையோடு வந்துவிட்டது.

அத்தோடு அவள் முடிவு செய்துவிட்டாள்.

வீட்டின் பின்னறைச் சுவர் நினைவுக்கு வந்தது. போன வருஷம் அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது மழையில் விழுந்துபோனதென்று மாதேஸ்வரன் சிமென்ட் கல் வைத்துப் புதிதாக எழுப்பிய சுவர். அக்கம்பக்கம் வேறு வீடில்லாத அந்தத் தனி வீட்டில், அதைவிட உறுதியான இடம் ஏது?

குழந்தையைப் பின்னறைத் தூளியில் தூங்கப் போட்டுவிட்டுச் சுமக்கத் தொடங்கினாள். நல்லவேளை, ராகியைப் பழைய அரிசிப் பைகளில்தான் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. ஒவ்வொரு நடைக்கும் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடினாள். ஆறாவது பையில் இடுப்பு விட்டுப்போனது. பத்தாவதில் அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டாவதை இறக்கி அடுக்கி முடித்தபோதுதான், காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு சீராக வந்தது. ராத்திரி அவன் வந்து கத்தினால் கத்தட்டும், ராகி மிஞ்சுமே என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழி மாதம். ஆறு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. போன் அடித்தது. மாதேஸ்வரன்தான்.

"காவேரி, ஊர் வாட்ஸப் குரூப்புல மெசேஜ் பாத்தியா? மூணு யானை ஏரியத் தாண்டி நம்ம பக்கமா வருதாம். வெளிய தல காட்டாத. கதவச் சாத்திக்க."

அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். ஆனாலும் குரலில் ஒரு வெற்றி இருந்தது. "ராகியப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. நான்..."

"ராகி கெடக்குது வுடு. அது போனாப் போகட்டும்னுதான அந்தக் கொட்டாயே கட்டினேன்."

"என்னங்க சொல்றீங்க?"

மிஷின் சத்தத்துக்கு நடுவே அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"உங்கிட்ட மறச்சிட்டேன்டி. போன வருஷம் அந்தச் செவுரு மழையில வுழுல. உள்ள ராகி அடுக்கி வச்சிருந்தேன். வாசனைக்கு வந்த யானை செவுத்த முட்டித் தள்ளிருச்சு. சொன்னா நீ பாப்பாவத் தூக்கிக்கிட்டு இங்க வரமாட்டியோன்னு பயந்துட்டேன். அதான் இந்த வருஷம் ராகியத் தூரமா வச்சு, கதவையும் லேசாப் போட்டேன். அங்கயே தின்னுட்டு அப்படியே காட்டுக்குத் திரும்பிரும். ராகி இல்லாத வூட்டுப் பக்கம் அது எதுக்கு வருது? நீ தைரியமா பாப்பாகூட உள்ளயே இரு."

காவேரி பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு மூட்டைகளும் அந்தச் சுவரோரமாகவே அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒட்டித் தொங்கிய தூளியில் ஹரிணி தூங்கிக்கொண்டிருந்தாள்.