கோபுரம் போட்ட தாள்

"பையைக் கொண்டா தம்பி, நான் மடியில வச்சுக்கிடுதேன்."

"வேண்டாம்."

"எம்புட்டு நேரந்தான் ஒத்தக் கையில தொங்குவ? கொண்டாய்யா."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

ஐயாதுரை கத்தியதில் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடு அழகுத்தாயி," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "பேனா சொருகியிருக்கான் பாரு. நம்ம கை பட்டா படிச்ச பிள்ளை பையி அழுக்காயிரும்லா?"

பஸ்ஸே சிரித்தது.

ராஜபாளையத்து மில்லில் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் போகும் பஸ் அது. ஐயாதுரை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினான். தலையில் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எதிர்ச் சாதிக்காரர்கள். அதற்காகத்தான் தவசிமுத்து அண்ணாச்சி இந்த பஸ்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஒரு திருப்பத்தில் பஸ் சாய்ந்தது. அவன் தடுமாறிய நேரம் பார்த்து, அழகுத்தாய் மஞ்சள் பையை வெடுக்கென்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன இந்தக் கனம் கனக்கு! கல்லா வச்சிருக்க?"

"டிபன் பாக்ஸ்."

டிபன் பாக்ஸ்தான். ஆனால் அது ஆறரை மணிக்கு வெடிக்கும். அதற்குள் மகாராஜபுரத்துக்கு முந்தின நிறுத்தத்தில், பையை விட்டுவிட்டு அவன் இறங்கிவிட வேண்டும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. அவன் தெருவுக்கு வரும் தபால்களை எல்லாம் போஸ்ட்மேன் தவசிமுத்துவின் பலசரக்குக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தினமும் அங்கே போய் நிற்பான்.

"இண்டர்வியூ கார்டு வந்திருக்கா அண்ணாச்சி?"

"வந்தா ஒளிச்சா வச்சுக்கிடப் போறேன்? ஆபீஸ்ல இருக்கது பூரா அவனுக ஆளு. உன் பேரைப் பாத்ததும் கிழிச்சுப் போட்டிருவான்லே."

முதல் வருஷம் ஐயாதுரை இதை நம்பவில்லை. இரண்டாம் வருஷம் மறுத்துப் பேசவில்லை. மூன்றாம் வருஷம் அவனே மற்ற பையன்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்குப் பின்னால் கூட்டம் நடந்தது. நோட்டீஸ் எழுத நல்ல கையெழுத்து வேண்டியிருந்தது, எழுதினான். போன மாதக் கலவரத்தில் அவன் தம்பிக்குக் கை முறிந்தது. "நான் போறேன் அண்ணாச்சி" என்று அவனாகத்தான் சொன்னான்.

இன்று மத்தியானம் பாக்ஸ் குலுங்காமல் இருக்க, பருப்பு மடிக்கிற பழக்கத்தில், கைக்கு அகப்பட்ட தாள்களைச் சுற்றிச் சணல் கட்டிக் கொடுத்தார் தவசிமுத்து.

"மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கிடக்கே, சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள் அழகுத்தாய். "எம் மவனும் இப்படித்தான். காலேஜ் முடிச்சிட்டு, கார்டு வரும் வரும்னு சோறு இறங்காம கிடக்கான். எப்படி வரும்? ஆபீஸ்ல இருக்கது பூரா எதிர்ச் சாதிக்காரனாம்லா. எங்க ஊர்ல ஒருத்தர் தெனமும் சொல்லுதாரு."

ஐயாதுரை குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிவிட்டான்.

பஸ் பத்தடி போயிருக்காது. விசில் சத்தம் கேட்டது.

"ஏலே தம்பி! பையி!"

திரும்பாமல் நடந்தான். பிறகு ஓடினான். பின்னாலேயே இன்னொரு ஓட்டச் சத்தம்.

"நில்லுய்யா! பையை விட்டுட்டு எங்க ஓடுத?"

அழகுத்தாய் மூச்சு வாங்க நின்றாள். அவளுக்குப் பின்னால் பஸ் முழுக்க அவனுக்காகக் காத்து நின்றது. கைக்கடிகாரத்தில் ஆறு இருபத்து நாலு.

அவன் வாங்காவிட்டால் பை பஸ்ஸுக்கே திரும்பிப் போகும்.

பிடுங்கிக்கொண்டான்.

"இரு, இதையும் பிடி. கட்டு அவுந்து, சுத்தியிருந்த தாளு கழண்டு கிடந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நம்ம ஊர்க் கோபுரம் போட்டிருக்கு பாரு, கவர்மெண்டுத் தாளு. தொலைச்சிராத." மடித்த தாள்களை அவன் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் சொருகினாள்.

"போங்க! ஓடுங்க, பஸ்ஸுக்குப் போங்க!"

"நல்லதுக்குக் காலமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

"நான்தான் சொன்னேன்ல, படிச்ச திமிருன்னு!" பஸ்ஸிலிருந்து ஒரு குரல் கேட்டது. பஸ் கிளம்பியது.

ஐயாதுரை பருத்திக் காட்டுக்குள் ஓடினான். பாழுங்கிணற்றில் பையை வீசிவிட்டுத் திரும்பி ஓடி, வரப்போரம் குப்புற விழுந்தான். கொஞ்ச நேரத்தில் தரை ஒரு தடவை அதிர்ந்தது. காக்கைகள் கலைந்து பறந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மூச்சு அடங்கிய பிறகுதான் சட்டைப் பையில் இருந்த தாள்களைப் பிரித்தான். மூன்று தாள்கள். மூன்றிலும் கோபுர முத்திரை. மூன்று வருஷத்தில் மூன்று தேதிகளில் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றிலும் ஒரே முகவரி.

'பொ. ஐயாதுரை, பி.காம்., மே/பா. தவசிமுத்து பலசரக்குக் கடை.'