மூச்சுச் சுவர்

நுரையீரலின் ஒடுங்கிய ரத்தக்குழாயில், கிருமிகளைக் கொன்ற வெறி தணியாத வெள்ளையணு ஒன்று வழியை அடைத்துக் கிடந்தது. ஒரு சிவப்பணு வந்து முட்டியது.

“யாருடா நீ? இந்த உடம்பு ஆளில்லையே?”

“தானமா வந்தவன் அண்ணே. ரத்தப் பையிலேர்ந்து இப்பத்தான் இறங்கினேன்.”

“இரவல் ரத்தமா!” வெள்ளையணு கிருமிகளைக் கொல்லத் தான் சுமக்கும் நஞ்சுப் பையின் முடிச்சில் கை வைத்தது.

“வேணாம் அண்ணே. இந்தக் குழாய்ச் சுவரு ரொம்ப மெலிசு, நஞ்சு பட்டா கரைஞ்சிடும். நுரையீரல்ல நீர் புகுந்து இந்த உடம்புக்காரரு மூச்சே நின்னுடும்.”

“மூச்சா? நான் பார்த்ததே இல்லையே.”

அப்போது அப்பால் காற்று நிறைய, சுவர் மெல்ல விரிந்தது. கறுத்திருந்த சிவப்பணு கண்ணெதிரே செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது.

வெள்ளையணு முடிச்சை இறுக்கிவிட்டு, பின்னால் நஞ்சோடு நெருக்கிக்கொண்டு வந்த தன் கூட்டத்திடம் சொன்னது: “பையைக் கட்டுங்கடா. மூச்சு வருது.”